எதிர்காற்றில் நாற்பத்தொரு மைல்

"1999 ஏப்ரல் 18, ஞாயிறு. 41 மைல். தென்கிழக்குக் காற்று, முகத்துக்கு நேராக. காலை 8.10க்கு ஒரு பிக்கப் வண்டி நின்றது. ஏறவில்லை."

சைக்கிள் பயணங்களுக்கென்று நான் வைத்திருந்த நோட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான்.

கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. பயண அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பம் ரத்தாகிவிடும். கோவையில் அப்பாவுக்கு 21ஆம் தேதி, புதன்கிழமை, இருதய அறுவை சிகிச்சை. உள்ளே கொண்டுபோகும் முன் என்னைப் பார்த்துவிட வேண்டும் என்று போனில் இரண்டு முறை சொல்லியிருந்தார். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில், அபார்ட்மென்ட் தபால் பெட்டியை நாளைக்கு நாலு தடவை திறந்து பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கிளப்பியது அலுவலக நண்பர், மதுரைக்காரர். வெளிநாடுதானே போகக்கூடாது, உள்நாட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாமே என்றார். வியாழன் காலை இரண்டு சைக்கிள்களில் வடமேற்கே புறப்பட்டோம்.

மூன்று நாள் காற்று முதுகைத் தள்ளியது. வழியில் வந்த புல்வெளி ஊர்களில் ஒரு தானியக் கிடங்கு, ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க், அதற்கு மேல் அதிகம் இல்லை. ஊர் வருவதற்கு எட்டு மைல் முன்பே அதன் தண்ணீர்த் தொட்டி கண்ணில் படும். அரைமணி மிதித்தாலும் அது அதே அளவில்தான் நிற்கும். இவ்வளவு பெரிய வெளியில் எனக்கு மூச்சு முட்டியது.

சனி மாலை ஒரு பங்கிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

"லாயர் ஆபீஸ்லேர்ந்து நேத்து போன் வந்துது," என்றாள் மனைவி. "லெட்டர புதன்கிழமையே போஸ்ட் பண்ணிட்டாங்களாம். மெயில்பாக்ஸ் சாவி எங்க வச்சீங்க?"

சாவி என் இடுப்புப் பையில் இருந்தது. வேறு சாவி கிடையாது. தபால்காரரிடம் அவள் அன்று கேட்டுப் பார்த்திருக்கிறாள். பெட்டியில் என் பெயரும் என் அப்பா பெயரும். அவளுடைய பாஸ்போர்ட்டில் அவள் பெயரும் அவள் அப்பா பெயரும். ஒரு சொல்கூட ஒத்துப்போகாத ஒரு பெண்ணுக்கு அவர் எப்படித் திறந்து காட்டுவார்? வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்றால், கார் வைத்திருந்த நண்பர்கள் எல்லோரும் தமிழ்ப் புத்தாண்டு விழாவுக்கு டல்லஸ் போயிருந்தார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்த வழியே திரும்பிப் புறப்பட்டோம். இப்போது காற்று நெஞ்சில் கைவைத்துத் தடுத்தது. 8.10க்கு ஒரு பெரியவர் பிக்கப்பை ஓரம் கட்டினார். ஹூஸ்டன் போகிறாராம், பின்பக்கம் காலி, சைக்கிள்களை ஏற்றுங்கள் என்றார். நான் சிரித்துக்கொண்டே, பரவாயில்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். ஒரு வீட்டில் காபி நீட்டினால் முதலில் வேண்டாம் என்பதும், அவர்கள் வற்புறுத்தியபின் வாங்கிக்கொள்வதும் எங்கள் வழக்கம். பையைக் கழற்றுவதற்குக் கை போய்விட்டது. அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

நண்பர் தண்ணீர் குடிக்கப் பின்தங்கியிருந்தார். வந்து விஷயத்தைக் கேட்டதும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என்னையே பார்த்தார்.

"என்ன தம்பி, சம்பந்தி வீட்டுக்கா வந்திருக்கோம்? ரெண்டாந்தடவ கேப்பான்னு நின்னீங்களாக்கும்?"

அதன்பின் கடந்ததெல்லாம் சர்ச்சுக்குப் போகும் குடும்பக் கார்கள். ஒன்றும் நிற்கவில்லை. அன்று முழுக்க மிதித்தும் 41 மைல்தான். திங்கட்கிழமை, டல்லஸிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டார். மதியம் இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். விளம்பரத் தாள்களுக்கு நடுவே கடிதம் இருந்தது. அன்று மாலை விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. செவ்வாய் கிளம்பி வியாழன் கோவையில் இறங்கினேன். அப்பா புதன் காலையே உள்ளே போயிருந்தார். பிறகு கண் திறக்கவில்லை.

பிக்கப்பில் ஏறியிருந்தால் ஞாயிறு மதியமே வீட்டில் இருந்திருப்பேன். அன்றைய விமானத்தைப் பிடித்திருந்தால் செவ்வாய்க்கிழமை அப்பா முன்னால் நின்றிருப்பேன். ஆனால் ஞாயிறன்று கடிதம் பெட்டிக்குள் இருந்ததா? உறையின் முத்திரை ஏப்ரல் 14. அது அனுப்பிய தேதி மட்டுமே. திங்கள் பதினொரு மணிக்குத் தபால்காரர் ஒரு கட்டாக எதையோ போட்டதை மனைவி பார்த்தாள். அதில் அந்த உறை இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. மே மாதம் நான் தபால்காரரிடமே கேட்டேன். அவருக்கு நினைவில்லை. சனிக்கிழமைக்குள் வந்ததா, திங்கட்கிழமை வந்ததா என்பது இதுவரை உறுதியாகவில்லை. நோட்டில் திங்கட்கிழமைப் பக்கத்தில் 'கடிதம் வந்த நாள்' என்று எழுதி, அதற்கு எதிரே காலியாகவே விட்டிருக்கிறேன்.