யாகப்பரும் முன்கதவும்

“இந்தக் கை துரைமாருக்குத்தான் முன்கதவைத் திறக்கும். என்னைப் பெத்த ஆத்தா வந்து நின்னாலும் பின்பக்கந்தான்.”

1922இல் கண்டிச் சந்தையில் நின்று யாகப்பர் இப்படி அறிவித்தார். கேட்டவர்கள் கடைக்கார அழகமுத்துவும் அவருடைய கத்தரிக்காய்களும். சாம்ராச்சியம் அன்று நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

வாவிக்கு மேலே மேட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் செங்கல் வீட்டில் யாகப்பர் அப்பு, அதாவது தலைமை வேலைக்காரர். பதவியில் சமையற்காரருக்கு மேல், துரையின் நாய்க்குக் கீழ். பித்தளைப் பிடியைத் திருப்பி, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்ப்பார். எவ்வளவு சாய்ப்பதென்பது வருகிற துரையின் தோட்டத்து ஏக்கரைப் பொறுத்தது.

வேலையாட்களின் குடும்பம் வளவுக்குள் வரக்கூடாதென்பது வீட்டுச் சட்டம். அதைத் துரையைவிட யாகப்பரே கண்ணுங்கருத்துமாகக் காத்தார். அவர் மனைவி பியட்றிஸ் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, பின்வேலியருகே வந்து நிற்பாள். பத்து நிமிடம். உள்ளே எப்படியிருக்கும் என்று கேட்பாள். மரப்படியையும் ஆளுயரக் கண்ணாடியையும் பற்றிச் சொல்லத் தொடங்குவார், உள்ளே துரையின் மணி அடிக்கும், ஓடிவிடுவார். பதினோரு வருடம் இப்படி. கூட்டிப் பார்த்தால் அந்த வேலியோரத் தாம்பத்தியம் ஒரு முழு நாள் தேறாது.

1933இல் துரை சீமைக்குக் கப்பலேறினார். பங்குக் கோயில்காரர்கள் அந்த வீட்டை வாங்கி ஊர் மன்றமாக்கினார்கள். கீழே கலியாணக் கூடம், மேலே தையல் வகுப்பு. யாகப்பரைக் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். காக்கத்தான் ஒன்றுமில்லை. முன்கதவு பொழுதுக்கும் விரியத் திறந்து கிடந்தது. கோழிகூட மரியாதை எதிர்பாராமல் நுழைந்தது.

பியட்றிஸுக்குச் சொல்லியனுப்பினார். வந்தாள், வந்து பின்வேலியருகே நின்றாள். இனி யாரும் முன்பக்கமாகவே வரலாம் என்றார்.

“தெரியுங்க. தோட்டத்துச் சனம் பூராவும் வந்து பார்த்துட்டுப் போயி கதை சொல்லுது” என்றாள். “எல்லாருக்கும் தெறந்து கெடக்குறது எனக்குத் தெறந்ததாகுமா?”

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பினாள்.  சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போகும்படி அவளிடம் கேட்டுக்கொண்டு, யாகப்பர், சமையலறை வழியாக உள்ளே ஓடினார்.

கோழியை விரட்டினார். கதவைச் சாத்தித் தாழிட்டார். மன்றத்தை மூடிவிட்டார்கள் என்றெண்ணி, மேலே தையற்காரிகள் துணியை மடிக்கத் தொடங்கினார்கள்.

வெளியே படியேறும் காலடி கேட்டது. நின்றது. சாத்திய கதவின் முன்னால் அவள் எப்படி நிற்பாள் என்று யாகப்பருக்குத் தெரியும்.

தாழை நீக்கினார். பிடியைத் திருப்பினார். ஓரடி பின்வாங்கினார்.

“வாங்க” என்றார்.