எண்ணெய் தடவிய பிரேக்

உப்பு ஏரிக்கரைத் தோணிரேவு ஜெகதீஸ்வரனுக்கு வண்டி ஒன்று, வேலை இரண்டு. வாரநாட்களில் நண்டுக்கூடை கட்டிப் பொன்னேரி மார்க்கெட்டுக்கு ஓட்டுவான். மாதத்தில் ஒரு ஞாயிறு அதே பைக்கை ரேஸ் டிராக்கில் பறக்க விடுவான்.

போன மாதம் டிராக்கில் மூன்றாவது சுற்று. முன் பிரேக்கைப் பிடித்தான். லீவர் கெட்டியாகத்தான் இருந்தது, வண்டிதான் நிற்கவில்லை. சக்கர டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேட் சூட்டில் வெந்துபோயிருந்தது. ஜல்லியில் உருண்டு, வெறும் சிராய்ப்போடு எழுந்தது கங்கையம்மன் புண்ணியம். மனைவி திவ்யாவிடம் மூச்சு விடவில்லை.

பொன்னேரி மெக்கானிக் ஸ்டீபனிடம் போய், "தெருவுக்கும் டிராக்குக்கும் ஒரே பேடா குடுண்ணா" என்றான்.

"ரேஸ் பேடு சூடானாத்தான் கடிக்கும் ஜெகா. காலைல காட்டூர் ரோட்டுல ஜில்லுனு கெடக்கும், புடிச்சா நிக்காது. தெரு பேடு உடனே கடிக்கும், டிராக்குல வெந்துபூடும். நடுவாந்தரமா ஒண்ணு கீது. நீ ஓட்ற ஓட்டத்துக்கு அது தாங்காது."

ஏரியில் பாடு முறை உண்டு: ஒரே இடத்தில் இன்று இவன் வலை, நாளை அவன் வலை. பிரேக்குக்கும் அதையே வைத்தான் ஜெகதீஸ்வரன். சனிக்கிழமை ரேஸ் பேட், திங்கள் விடிந்ததும் தெருப் பேட். கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாத ரேஸ் முடிந்த திங்கள் திவ்யாவைப் பொன்னேரியில் ரயிலேற்ற வேண்டும். அவசர அவசரமாக டப்பாவிலிருந்து தெருப் பேடை எடுத்து மாட்டினான். விரலெல்லாம் ஏற்கெனவே செயின் கிரீஸ். ஊருக்குள் கால் பிரேக்கே போதுமாக இருந்தது.

காட்டூர் வளைவில் ஆட்டு மந்தை. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தான். வண்டி வழுக்கிக்கொண்டே போனது. முதுகில் திவ்யாவின் நகம் பதிந்தது. கால் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து, வயல் சேற்றில் இறக்கினான். இருவருக்கும் உயிர் இருந்தது.

டிஸ்க்கைத் தொட்டு முகர்ந்தான். கிரீஸ் இல்லை, தேங்காய் எண்ணெய். மாட்டும்போது கிரீஸ் விரலுக்கு அது தெரியவில்லை.

"டப்பால இருந்த சாமானுக்கு நாந்தான்யா தடவி வெச்சேன்" என்றாள் திவ்யா.

கழற்றி வைத்த இரும்பு எதுவானாலும் எண்ணெய் தடவித்தான் வைப்பார்கள் அந்தப் பக்கம். இல்லாவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும்.

"உன் முழங்கைச் சிராய்ப்ப பாத்தேன். வண்டில கீறலும் பாத்தேன். இன்னானு கேட்டா மழுப்புன. பயமா இருந்துச்சு. பிரேக்கு சாமான் துருப்புடிச்சா நீ செத்துடுவியேன்னுதான்..."

யோசித்துப் பார்த்தான். பேடைப் பற்றி ஸ்டீபனைக் கேட்டிருந்தான், போனில் இருபது வீடியோ பார்த்திருந்தான். வீட்டிலிருப்பவளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பிரேக்கில் எண்ணெய் படக்கூடாது என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்?

அவள் மறுபடி வண்டியில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார்கள்.

"போன மாசம் டிராக்குல வுழுந்துட்டேன்" என்று தொடங்கினான்.