எங்கள் ஊர் விமானப் படை

பழவேற்காடு பஜாரில் ஒரு பாய் டீக்கடை உண்டு. அந்தக் கடை டி.வி.யில் எப்போதும் போர் ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு பெரிய நாடு பக்கத்துச் சின்ன நாட்டின் மேல் போய் விழுந்து, சில நாளில் முடித்துவிடுவதாகச் சொல்லி, வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த போர். பாய்க்கு அது தீராத ஆச்சரியம்.

"இன்னா தம்பி, இத்தினி பிளேன் வச்சிக்கினு கீறான், இன்னும் முடிக்க முடியலயா இவனால?" என்று என்னைத்தான் கேட்பார்.

எங்கள் குப்பத்தில் ட்ரோன் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றையும் மேலிருந்து எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஆகாயத்தில் பறப்பதெல்லாம் என் இலாகா என்று பாய் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். யூட்யூபில் போர் வீடியோ பார்த்துப் பார்த்துப் பட்டாளத்துக்குப் போகாமலே ஜெனரல் ஆகியிருந்தேன்.

"பிளேன் இருந்தா போதாது பாய். மேல இருந்து பாக்கறவன் கீழ போறவன்கிட்ட நேரா பேசணும். அவன் பேச மாட்டான். பெரியவன்கிட்ட சொல்லுவான், அவன் அவனுக்குப் பெரியவன்கிட்ட சொல்லுவான். அதுக்குள்ள கீழ போனவன் காலி. அப்பறம், கெட்ட சேதிய எவனும் மேல சொல்றதில்ல. எல்லாம் ரெடி, எல்லாம் ரெடின்னே சொல்லிகினு இருப்பான். இன்னொண்ணு, பிளேனு வெல ஜாஸ்தி. போச்சுன்னா பதில் சொல்லணும். அதனால கிட்டக்கவே கொண்டு போவாம தூரத்துலயே சுத்தினு கெடப்பான்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார். மாமா என்றால் என் அக்கா புருஷன். அப்போது அவருக்கு இரண்டு காலும் இருந்தன.

"அப்ப இன்னாத்துக்கு மச்சான் அவனுக்கு அவ்ளோ பிளேனு?" என்றார்.

"அணிவகுப்புல காட்டறதுக்கு மாமா."

கடையே சிரித்தது. நன்றாகப் பேசிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

ஏரியில் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. பாடு என்போம். இறால் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான், ஆட்கள் அதிகம். அதனால் கோயிலில் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்தப் போட்டு, அதாவது படகு, முதலில் போவது என்று வரிசை வைத்துக்கொள்வோம். முதல் சீட்டுக்காரன் போகாமல் இரண்டாவது ஆள் போகக் கூடாது. முந்திப் போனால் ஊரே சேர்ந்து ஒதுக்கிவிடும். பொண்டாட்டியை அடித்தவனைக்கூட மன்னித்திருக்கிறார்கள், வரிசை தாண்டியவனை மன்னித்ததில்லை.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், எங்கள் பாடு இருக்கும் இடத்தில், அடுத்த குப்பத்துக்காரர்கள் வந்து கழி நட்டு வலை கட்டினார்கள். அங்கே போக ஒரு குறுகலான ஓடைதான் வழி. அவர்களிடம் இருப்பது இருபது போட்டுகூடத் தேறாது. எங்களிடம் நூற்றுக்கு மேல். எங்கள் ஊர்த் தலைவருக்கு அவமானமாகிவிட்டது. மொத்தமாகப் போய்க் கழியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வருவது என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்.

"எல்லாம் ரெடியா?" என்று தலைவர் ஒவ்வொருவரையும் கேட்டார்.

முதல் சீட்டுக்காரனின் இஞ்சின் ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்தது. அவன் ரெடி என்றான். என்னிடம் இருந்த இரண்டு பேட்டரியில் ஒன்று உப்பிப்போய்த் தூக்கிப் போட்டாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. நானும் ரெடி என்றேன். தலைவர் முகத்தைப் பார்த்து ரெடி இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாமா ஒருவர்தான் எழுந்தார்.

"நாளைக்குத் தண்ணி எறங்கற நேரம் நைனா. ஓடைல ரெண்டு போட்டு பக்கத்து பக்கத்துல போவ முடியாது. ரெண்டு நாள் கயிச்சிப் போலாம்."

"வூட்ல சொல்லி அனுப்பிச்சாங்களா?" என்றார் தலைவர். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். மாமா உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று தலைவர் ஒரு ஏற்பாடு செய்தார். ஊரில் பாதிப் பேருக்கு மாமனார் வீடு அந்தக் குப்பம்தான். யாராவது போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள் என்று காலையில் போட்டு ஏறுகிறவர்களின் போன்களையெல்லாம் வாங்கிக் கோணிப்பையில் போட்டுக் கோயிலில் வைத்தார்கள். எந்த நேரம் கிளம்புகிறோம், எப்படி உள்ளே போகிறோம் என்பதைக் கரையில் வந்து சொன்னால் போதும் என்பது உத்தரவு. ஆனால் முந்தின நாளே கோயில் மைக்கில் "நாளை காலை வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும்" என்று மூன்று தடவை அறிவித்திருந்தார்கள். பெண்கள் அன்று சாயங்காலமே அம்மா வீட்டுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். அந்தக் குப்பத்துக்கு எல்லாம் தெரியும். தெரியாதது எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான்.

போனைக் கொடுப்பதற்கு முன்னால் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ மேலருந்து பாத்துகினே இரு மச்சான். எதுனா தப்பா தெரிஞ்சா அத்த எறக்கி என் தலைக்கு மேல கொண்டாந்து நிறுத்து. நான் நின்னுடுவேன். ஒண்ணும் இல்லன்னா திருப்பிக் கொண்டு போயிடு, நான் போயிடுவேன். போன் இல்லல்ல, இதான் நமக்குள்ள."

"சரி மாமா," என்றேன். அவருக்கு மூன்றாவது சீட்டு.

காலையில் மணல் திட்டில் தலைவர் பக்கத்தில் என்னை நிறுத்திக்கொண்டார். போட்டுகள் ஓடை வாயில் வரிசையில் நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தலைவர் கழுத்தில் மாலை. கற்பூரம் காட்டினார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், கொடியை ஆட்டினார்கள்.

"எடுப்பா, எல்லாத்தையும் எடு. மாலை நல்லா தெரியணும். அப்படியே மேல போயி மொத்தப் போட்டும் ஒண்ணா வர்ற மாதிரி எடு," என்றார் தலைவர்.

எடுத்தேன். முன்னால் இருந்து ஒன்று, சுற்றி வந்து ஒன்று, கொடிக்கு மேலிருந்து ஒன்று. பன்னிரண்டு நிமிஷம் போனது. முழு பேட்டரியே இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

பிறகு ட்ரோனை ஓடைக்கு மேல் கொண்டுபோனேன். மேலிருந்து பார்த்தால் ஏரி கண்ணாடி மாதிரி அடி தெரியும். ஓடை நடுவே தண்ணீருக்கு ஒரு சாண் கீழே சவுக்குக் கழிகள் வரிசையாக நின்றன. மேல்முனை சீவியிருந்தது. ஒன்றுக்கொன்று கயிறு கட்டியிருந்தது. போட்டில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அக்கரையில் அந்தக் குப்பத்துப் பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பீடி குடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கையில் கம்புகூட இல்லை.

"தலைவரே, கழி நட்டு கயிறு கட்டி வச்சிக்கிறாங்க. பாருங்க," என்று திரையைக் காட்டினேன்.

தலைவர் குனிந்து பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"அது எப்பவோ நட்ட பழைய கழி. நீ வேற பயம் காட்டாத. மேலயே வச்சி எடு, நம்ம போட்டுங்க உள்ள போறது வரணும்."

என் கட்டை விரல் ட்ரோன் ரிமோட்டின் குச்சி மேல்தான் இருந்தது. கீழே தள்ளினால் இருபது நொடியில் மாமா தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். தலைவர் என் தோளை உரசிக்கொண்டு நின்றார். இந்த ஷாட் முடியட்டும், பிறகு இறக்கலாம் என்று நினைத்தேன்.

தலைவர் கை காட்டியும் அங்கே முதல் போட்டு கிளம்பவில்லை. இஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. இரண்டாவது போட்டுக்காரன் பின்னால் சும்மா நின்றான். முதல் சீட்டை எப்படித் தாண்டுவது? அவனுக்குப் பின்னால் நூறு போட்டும் நின்றன. சண்டைக்குப் போகிற ஊர், இறால் பிடிக்கப் போகிற மாதிரி முறை பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போது பேட்டரி சிவப்புக்கு வந்தது. சார்ஜ் தீரப் போனால் அந்த ட்ரோன் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரும். திரும்புவதற்கு முன் திரையில் பத்திலிருந்து எண்ணிக் காட்டும். வேண்டாம் என்றால் அதற்குள் ரத்து என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கியிருந்தால் மாமா தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாம். போன பிறகு திரும்பி வரச் சார்ஜ் இருக்காது, ஏரியில் விழுந்திருக்கும்.

பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணியது. என் பிழைப்பே அதுதான் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. ஒன்று வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அமுக்கவில்லை.

ட்ரோன் திரும்பியது. மாமா அண்ணாந்து பார்த்ததைத் திரையில் பார்த்தேன். அது இறங்காமல், நிற்காமல் அவர் தலைக்கு மேலே உயரத்தில் போய்க் கரைக்குத் திரும்பியது. பாதை சுத்தம் என்று எடுத்துக்கொண்டார். எத்தனை நேரம்தான் நிற்பது என்று நினைத்தாரோ என்னவோ, ஓரமாகக் கழி ஊன்றி இரண்டு போட்டையும் தாண்டி, இஞ்சினை முடுக்கி ஓடைக்குள் போனார்.

வரிசை தாண்டினால் இரண்டாவது போட்டுக்காரனுக்கு ரோஷம் வராமல் இருக்குமா? தலைவர் உத்தரவுக்கு அசையாதவன் அதற்கு அசைந்தான். முழு வேகத்தில் துரத்தினான். மாமாவின் போட்டு கயிற்றில் மாட்டி அப்படியே நின்றது. மாமா முன்பக்கமாகத் தண்ணீரில் போய் விழுந்தார். பின்னால் வந்தவனால் நிறுத்த முடியவில்லை. அவன் போட்டு மாமாவின் போட்டை உரசிக்கொண்டு, தண்ணீரில் கிடந்தவர் மேல் ஏறிப் போனது. மாமாவின் வலது காலை முட்டிக்கு மேல் வெட்டியது எதிரியின் கழி இல்லை, எங்கள் ஊர் இஞ்சினின் விசிறி.

முதலில் தண்ணீரில் குதித்தவர்கள் அந்தக் குப்பத்துக்காரர்கள். ஒரு கிழவர் தன் லுங்கியை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டினார். அவர்கள் போட்டில்தான் மாமா கரைக்கு வந்தார். எங்கள் நூறு போட்டும் ஓடை வாயில் அப்படியே நின்றன. யாரும் ஒரு கல்கூட எறியவில்லை. போர் அவ்வளவுதான்.

பொன்னேரிக்குத் தூக்கிப் போய், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தார். அவர் திரும்பி வருவதற்குள் ஊர்க் கூட்டம் நடந்து முடிந்திருந்தது. ஏன் தோற்றோம் என்று தலைவரே எழுந்து விளக்கினார். எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம், ஒருத்தன் முறை மீறி முந்திப் போனதால்தான் கெட்டதாம். வரிசை தாண்டியதற்காக மாமாவுக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது என்று தீர்ப்பு ஆனது. ஒற்றைக் காலோடு அவர் எந்தப் பாட்டுக்குப் போகப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

பாய் இப்போது என்னை ஒன்றும் கேட்பதில்லை. நான் உள்ளே நுழைந்தால் ரிமோட்டை எடுத்துப் பாட்டு சேனலுக்கு மாற்றிவிடுகிறார். அந்தப் பெரிய நாடு ஏன் ஜெயிக்கவில்லை என்று இப்போது கேட்டால் இன்னும் நன்றாகவே சொல்வேன்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா வாசலில் உட்கார்ந்து யாருடைய வலையையோ பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அன்னிக்கு எடுத்தியே, அந்தப் படத்தக் காட்டு மச்சான்," என்றார்.

மறுக்க வழியில்லை. போனைக் கொடுத்தேன். மாலை, கற்பூரம், எலுமிச்சம்பழம், கொடி எல்லாவற்றையும் பன்னிரண்டு நிமிஷமும் ஒரு இடத்தில்கூடத் தள்ளிவிடாமல் பார்த்தார். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது. பிறகு ஓடை வந்தது, கழிகள் வந்தன. விரலால் பெரிதாக்கிக் கயிற்றைப் பார்த்தார்.

"நல்லா வந்துகீது. தலைவர் மூஞ்சி தெளிவா கீது," என்றார்.

ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"பேட்டரி தீந்துடுச்சின்னு உங்கக்கா சொன்னா. தீந்தா அதுவே திரும்பிடுமாமே. நீ நெனச்சாலும் நிறுத்த முடியாதா?"

அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

"முடியாது மாமா," என்றேன்.

"அப்ப உம்மேல இன்னா தப்பு கீது மச்சான்," என்றார் மாமா. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்கட்டுக்குப் போக வேண்டும் என்று கையை நீட்டினார். குனிந்தேன். என் தோளில் முழு பாரத்தையும் போட்டு எழுந்து நின்றார்.