மூன்று வீட்டு ஃப்ரிட்ஜ்

நிஷான்பாயின் குரலைக் கேட்காத தெரு கோகந்து நகரத்தில் குறைவு. "ஷரா-பராஆ! பழைய டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின் இருந்தா எடுத்துட்டு வாங்கோஓ!" என்று தள்ளுவண்டியோடு வருவார். ஷரா-பரா என்றால் காயலான் சாமான்; அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஓடாத பொருளைக் கொடுத்தால் பிளாஸ்டிக் பேசின் கிடைக்கும். வசந்த காலமாக இருந்தால் கோழிக்குஞ்சு. முன்பு எண்ணெய் ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். ஆலையை மூடியதும் வண்டியைப் பிடித்தார். தெருவில் வாங்கியதைத் தன் முற்றத்தில் போட்டுப் பிரிப்பார். செம்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம். வயரை எரித்து எரித்து நெஞ்சில் இருமல் குடியேறிவிட்டது.

மகள் மஹ்லியோவுக்கு மூன்றாவது தெருவிலேயே வரன் அமைந்தது. துணிக்கடைக் குடும்பம். சம்பந்தியம்மா சல்தனத், "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பொண்ணு மட்டும் போதும்" என்றாள். அதைக் கேட்டதும் நிஷான்பாயின் மனைவி ஜுலைஹோ சேர்த்து வைத்த சீரை மறுபடி எண்ண ஆரம்பித்தாள். ஒன்றும் வேண்டாம் என்கிற வீட்டில்தான் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பார்கள். சீரில் குறை இருந்தால், மருமகள் காலமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே ரொட்டி சுட வேண்டும்.

மெத்தைகள் இருந்தன. பட்டுத்துணி இருந்தது. ஃப்ரிட்ஜ் இல்லை. புதிதாக வாங்க வழியும் இல்லை.

நிஷான்பாய் முற்றத்தில் கிடந்தவற்றிலிருந்து ஒன்றை உண்டாக்கினார். உடம்பு ஒரு வாத்தியார் வீட்டுடையது. கம்ப்ரஸர், மூடிப்போன சாப்பாட்டுக் கடையுடையது. கதவும் உள்தட்டுகளும் ஹோஜர் என்ற பெண்மணி பேசினுக்குப் போட்டது. புது ரப்பர் வைத்து, கேஸ் நிரப்பி, கார் பட்டறையில் வெள்ளை அடித்து வாங்கினார். ஐஸ் கட்டிய முதல் நாள், தண்ணீர் வைத்த கிண்ணத்தைக் கவிழ்த்து மகளிடம் காட்டினார்.

"கடையில இருந்து வந்தது மாதிரியே இருக்குப்பா!"

"கடைக்காரன் வந்து என்கிட்டப் படிக்கணும்டீ."

மாப்பிள்ளை வீட்டில் சீர் பரப்புகிற நாளில் பெண்ணின் தகப்பன் அங்கே கால் வைக்கக் கூடாது. பெண்கள் கூடிப் பார்க்கிற காரியம் அது. ஆனால் அந்தத் தெருவில் கரண்ட் சோகை பிடித்தது. கம்ப்ரஸர் திணறினால் கையால் தட்டிக் கிளப்ப வேறு யாருக்குத் தெரியும்? தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, சுமைகூலிகள் இருவரோடு மூன்றாவது ஆளாகப் போனார். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாயையே திறக்கவில்லை.

ஃப்ரிட்ஜ் ஒரே மூச்சில் கிளம்பியது. அவர் அதன் பின்னால் குந்தி, காலுக்குக் கட்டை கொடுத்துக்கொண்டிருந்தபோது பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மெத்தையைக் கிள்ளினார்கள், பட்டை முகர்ந்தார்கள். பிறகு ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம்.

"அடேயப்பா, என்னமா குளுருது! சல்தனத், இனிமே உன் கிழட்டு மாமியார் வாயை இதுக்குள்ள வச்சுப் பூட்டிடலாம்!"

சிரிப்பு அடங்குவதற்குள் காய்கறித் தட்டை யாரோ வெளியே இழுத்தார்கள்.

"இருங்கடி. இது என் தட்டு." ஹோஜரின் குரல். "விரிசல் விட்டுச்சுன்னு ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டு நான்தான் தூண்டில் நரம்புல தைச்சேன். என் கைத்தையல் எனக்குத் தெரியாதா?"

அந்தத் தையலை நிஷான்பாய் பார்த்திருந்தார். அவ்வளவு நேர்த்தியான வேலையைத் தூக்கிப்போட மனம் வராமல், தைத்த பக்கம் பின்னால் போகும்படி திருப்பி வைத்திருந்தார்.

"உன் தட்டு இங்க எப்படிடி வரும்?"

"ஷரா-பராகிட்டப் போட்டேன், பச்சை பேசின் குடுத்தாரு. ஐயோ, பொண்ணோட அப்பாவே..." ஹோஜர் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

யாரோ மூக்கால் சிரித்தார்கள். சல்தனத் குரலை உயர்த்தவே இல்லை. "பரவால்ல. எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. ஏம்ப்பா, கட்டை வைக்கிறவரே, இதைத் தூக்கிக் கொட்டகைல வச்சிடுங்க. வர்றவங்க கண்ணுல பட வேண்டாம்."

நிஷான்பாய் ப்ளக்கைப் பிடுங்கி, தலையைக் குனிந்தபடி, மற்ற இருவரோடு சேர்ந்து தூக்கினார்.

கல்யாணம் நடந்தது. புலாவ் நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். தாய்வீட்டுக்கு வந்த மகளிடம், "ஃப்ரிட்ஜ் ஓடுதாம்மா?" என்று கேட்டார்.

"ஓடுதுப்பா" என்றாள் மஹ்லியோ.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை அந்தத் தெருவில் கூவிக்கொண்டு போனபோது, துணிக்கடை வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் ஃப்ரிட்ஜ். பக்கத்தில் தலைத்துணியை இறுக்கிக் கட்டிய மஹ்லியோ.

"அத்தை போடச் சொன்னாங்கப்பா. ஒரு பேசின் போதுமாம்."

கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே வெங்காயச் சருகு.

"ஒரு நாளாவது ப்ளக் போட்டாங்களா?"

அவள் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். வண்டியில் ஏற்றியதும் மெதுவாகச் சொன்னாள்: "இனிமே இந்தத் தெருவுல கூவாதீங்கப்பா. நீங்க கூவுனா, 'உங்க அப்பா வர்றாரு, என்ன போடப்போற'ன்னு உள்ள சிரிக்கிறாங்க."

"சரிம்மா" என்றார். இருந்ததில் பெரிய பேசினைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

முற்றத்தில் வைத்து ப்ளக் போட்டதும் ஃப்ரிட்ஜ் உடனே ஓடியது. ஜுலைஹோ அதை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுவர விடவில்லை.

"திரும்பி வந்த சீரை வீட்டுல வச்சா, பின்னாடியே பொண்ணும் வந்து நிப்பா. உடைச்சிடுங்க."

"நல்லா ஓடுதேடி. வித்துடலாமே?"

"யாருகிட்ட? இந்தக் கதை தெரியாத வீடு எது?"

நிஷான்பாய் அது ஓடும் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, செம்புக் குழாயை வெட்டினார். கேஸ் சீறிக்கொண்டு வெளியேறியது.