முதல் நாள் அக்கா

எங்கள் பள்ளியில் அவளுக்குப் பதவி அலுவலக உதவியாளர். பிள்ளைகளுக்கு அவள் முதல் நாள் அக்கா. பட்டாளத்துக் குடியிருப்பை ஒட்டிய பள்ளி என்பதால் வருடம் முழுக்க யாராவது வருவார்கள், யாராவது போவார்கள். நடு வருடத்தில் வந்து திருதிருவென்று விழிக்கும் பிள்ளையை அவள் முதலில் கூட்டிப்போவது தலைமையாசிரியர் அறைக்கு அல்ல, கழிப்பறைக்கு.

"அது எங்கன்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும் டீச்சர்" என்பாள்.

பிறகு பழைய பள்ளிக்குப் போன் போட்டு, எந்தப் பாடம் வரை நடந்தது என்று குடைந்து எடுப்பாள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு துணையைப் பிடித்துத் தருவாள். முதல் நாள் எந்தப் பிள்ளையும் தனியாகச் சாப்பிடக் கூடாது. அதில் மட்டும் ரொம்பக் கறார்.

இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. அவள் கணவரும் பட்டாளத்துக்காரர்தான். மகள் மாறிய பள்ளிகளைக் கேட்டால் விரல் மடக்க ஆரம்பித்து நடுவில் குழம்பிப்போவாள். அந்தப் பெண் போன இடத்திலெல்லாம் எரிமலையைப் படித்தாள், பின்னக் கணக்கை எங்கேயும் படிக்கவில்லை. இவள் சேரும்போது அது முடிந்திருக்கும், அல்லது இவள் கிளம்பிய பிறகு தொடங்கும். என் கணக்கு வகுப்புக்கு வந்த புதிதில், அத்தனை உயரத்துக்கு வளர்ந்த பெண், அரையையும் காலையும் கூட்டத் தெரியாமல் நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் அல்ல, ஆட்களை மூட்டை முடிச்சு மாதிரி இடம் மாற்றுகிறவர்கள் மேல்.

"இறுதிப் பரீட்சை முடியற வரைக்கும் இங்கதான்" என்று அக்கா மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதை நம்பி அவள் ஒரு தோழியைக்கூடப் பிடித்துக்கொண்டாள். பின்னமும் வசப்பட்டது.

பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கும்போது கணவருக்கு மாற்றல் வந்தது. குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அக்கா பேயறைந்த முகத்தோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வெளியில வீடு எடுத்துத் தங்கிடேன்" என்றேன்.

"போன வருஷம்தான் நெஞ்சு வலின்னு படுத்தாரு டீச்சர். மாத்திரைய கையில எடுத்துக் குடுத்தாத்தான் போட்டுக்குவாரு. அவரத் தனியா விடவா, இவளத் தனியா விடவா? எந்தப் பக்கம் போனாலும் செவுத்துலதான் முட்டுது." எழுந்து போகும்போது, "அவகிட்ட இப்போ வாயத் திறந்துடாதீங்க" என்றாள்.

நான் திறக்கவில்லை. ஆனால் வகுப்பில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

அடுத்த வாரம் அதே வகுப்புக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். அக்கா தன் மகளையே துணையாக அனுப்பினாள். மகள் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள், முதலில் கழிப்பறையைத்தான் காட்டினாள். திரும்பி வரும்போது அலுவலக ஜன்னலுக்கு வெளியே அவள் சொன்னது உள்ளே இருந்த அக்கா காதிலும் என் காதிலும் விழுந்தது.

"இன்னிக்கு என்கூட நெருக்கி உக்காந்துக்கோ. நல்ல இடம், காத்து வரும். நான் போனதும் நீயே வச்சுக்கலாம்."

புதுப் பெண்ணை வகுப்பில் விட்டதும் அக்கா மகளைக் கூப்பிட்டாள்.

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. எப்பவும் சோப்பு மொத்தமா வாங்குவ. இப்போ ஒத்த சோப்பா வாங்குற. எண்ணெயும் சின்ன பாக்கெட். ஒவ்வொரு ஊரக் காலி பண்றப்பவும் நீ இப்படித்தாம்மா."

அக்காவுக்கே அது தெரிந்திருக்கவில்லை. வாயைக் கட்டியவள் கையைக் கட்ட மறந்துவிட்டாள். மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"போற ஊர் ஸ்கூல்ல முதல் நாள் அக்கா இருப்பாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா உடனே மகள் சேரப்போகும் பள்ளிக்குப் போன் போட்டாள். "புதுசா ஒரு பொண்ணு சேர வருதுங்க. முதல் நாள் சாப்பாட்டுக்கு யாராவது கூட இருப்பாங்களா?"

எதிர்முனைக் குரல் கணீரென்று எனக்கும் கேட்டது. "இங்க அப்படியெல்லாம் கிடையாதுங்க. பெரிய பொண்ணுதானே, பாத்துக்கும்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் மகளைப் பார்த்தாள்.

"இருக்காங்களாம்" என்றாள்.

மகள் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள். அந்தக் குரல் அவளுக்கும் கேட்டிருக்கும்.