பெட்டி விழுங்கிய இரண்டு விநாடிகள்

இன்று ஜனவரி 9. எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு நாள்களும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், உள்ளூர் கேபிளில் வந்த எங்கள் ஆலயத்துக் கிறிஸ்துமஸ் ஆராதனையை வீட்டு டிவியின் செட்டாப் பெட்டி மூன்று துண்டுகளாகப் பதிவுசெய்து வைத்தது. அந்த ஆராதனையின் நடுவில் எழுந்து மூடுபனிக்குள் இறங்கிப் போன என் கணவரை, மறுநாள் வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் பிணமாகக் கண்டெடுத்தார்கள்.

இன்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அந்தத் துண்டுகளைக் கணினியில் ஒட்டித் தந்தாள்.

"துண்டு மாறையில பெட்டி ரெண்டு செகண்ட முழுங்கிருது, டீச்சர். ஒட்டிட்டா தையலே தெரியாதுங்க."

"என் கண்ணுக்கு எதுதான் தெரியுது? ஓட்டு."

முதல் தையலில், இதுவரை அந்தப் பதிவில் நான் பார்த்திராத காட்சி வந்தது. ஆண்கள் பக்கமிருந்து எழுந்த அவர் வாசலில் நின்று, பெண்கள் பக்கம் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார். கேமராவும் பெண்கள் பக்கம்தான் இருந்தது. அதனால் இன்று, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னையே கூப்பிட்டார்.

ஸ்டெல்லாவின் குரல் இறங்கிவிட்டது. "சார் யாரக் கூப்பிடுறாருங்க?"

நான் கணினியை அணைத்தேன்.

ஒட்டியதைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதவும்.

சொல்லாமல் போய்விட்டார் என்றுதான் உங்கள் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். அவர் கூப்பிட்டதை அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.