காத்தானுக்குப் பக்கத்து சீட்

வத்ஸலா டீச்சருக்குப் பயம் கூடப்பிறந்தது. பல்லி விழுந்தால் பயம், பஸ் காவிரிப் பாலத்தில் ஏறினால் பயம். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவள் பஸ்ஸில் போய்வந்த ஏழு வருஷமும் கணவர் யதிராஜன் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "வழியில எது நடந்தாலும் பாக்காதே. தலையைக் குனிஞ்சுண்டு ஆத்துக்கு வந்து சேரு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் ஒரு காலை, பஸ் அம்மா மண்டபம் தாண்டியதும் பின்னால் பளார் என்று ஓர் அறை விழுந்தது. திரும்பினாள். சலவைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் ஜன்னலோரம் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனை மறித்து நின்ற இருவரும் அவன் ஊர்க்காரர்கள், முசிறிப் பக்கம்.

"எங்க முன்னால சரிசமமா உக்காந்து வரியா காத்தான்? சேரிப்பய! எந்திரிடா!"

"டிக்கெட் எடுத்திருக்கேன்ங்க. ஜங்ஷன்ல ரயில்வே வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. சட்டையை மட்டும் விட்டுடுங்க."

மறுபடி அடி. காலர் கிழிந்தது. பஸ்ஸில் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் அன்றைக்குத்தான் காவிரி புதிதாகத் தெரிந்ததோ என்னவோ, எல்லோரும் வெளியே பார்த்தார்கள். கண்டக்டர் பிச்சமுத்து டிக்கெட் கட்டைப் புரட்டினார். வத்ஸலாவும் தலையைக் குனிந்துகொண்டாள். அடித்தே இறக்கிவிடுவார்கள், இவன் வேலையும் போய்விடும்.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெண்கள் சீட்டை விட்டுப் போய், காத்தானுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதுவும் மடிசார் மாமி! அந்நிய ஆண் பக்கத்தில் எந்தப் பெண்ணும் உட்காராத காலம் அது. ஆனால் இனி அவள்மேல் படாமல் அவனை அடிக்க முடியாது. காத்தானுக்காக எழாத நாற்பது பேரும் மாமிமேல் கை பட்டால் எழுந்துவிடுவார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

"நீங்க எங்க எறங்கணும்?" என்று அவனைக் கேட்டாள். பாதிக் குரல்தான் வந்தது.

"ஜங்ஷன்ங்கம்மா."

"எந்திரிங்கம்மா, இது உங்களுக்கு வேண்டாத வேலை," என்றான் அடித்த இருவரில் ஒருவன்.

முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிச்சமுத்து விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். "அந்தம்மாவே வந்து உக்காந்துட்டாங்க, இனியும் நான் சும்மா இருக்கக் கூடாது. ரெண்டு பேரும் எறங்குங்கய்யா." அப்புறம்தான் நாலைந்து பேர் எழுந்தார்கள். இருவரும் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

அவள் இறங்கவேண்டிய சத்திரம் வந்தது. வத்ஸலா இறங்கவில்லை. அவர்கள் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டால்?

ஜங்ஷனில் இறங்கியதும் வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து அவன் காலரில் குத்தப் போனாள். தன் விரலிலேயே குத்திக்கொண்டாள்.

"ரொம்பப் பயந்துட்டீங்களாம்மா?"

"ஆமா. பயம் இன்னும் போகலை. உங்களுக்கு?"

காத்தான் ஊக்கை வாங்கித் தானே குத்திக்கொண்டான்.

"எனக்குத் தினமும்ங்க."